இருண்ட கூடத்துக்கு மொட்டைமாடி வெயிலை இறக்குவது எப்படி?

புதுச்சேரியின் பழைய தெருக்களிலும் கடலூர் முதுநகரிலும் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டிய வீடுகளில், முற்றத்தை மூடித் தளம் போட்டுவிட்ட பிறகு, நண்பகலிலும் கூடத்தில் விளக்கு எரிவதைக் காணலாம். தலைக்கு மேலே பத்துப் பன்னிரண்டு அடி உயரத்தில் மொட்டைமாடி வெயிலில் கொதித்துக்கொண்டிருக்கும். சூரியனைப் பின்தொடர்ந்து திரும்பும் ஒரு கண்ணாடியும் அசையாமல் நிற்கும் இன்னொரு கண்ணாடியும் இருந்தால் அந்த வெயிலைக் கூடத்துக்குள் இறக்கிவிட முடியும். ஆரோவில் மாத்ரிமந்திரின் உச்சியில் உள்ள கருவி, உள்ளே இருக்கும் 70 செ.மீ. படிகக் கோளத்தின் மீது சூரியக் கதிரை விழச் செய்வதும் இப்படித்தான்.

சூரியன் வானில் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. நாம் விரும்பிய திசையில் கதிரை நேரடியாக அனுப்ப வேண்டுமானால், கண்ணாடி ஒரே சமயத்தில் இரண்டு அச்சுகளில், நேரத்துக்கு நேரம் மாறும் வேகத்தில் அசைய வேண்டும். அதற்குக் கணக்கும் கணினியும் தேவை. கதிரை முதலில் பூமியின் அச்சுக்கு இணையாக அனுப்பிவிட்டால், கண்ணாடியை அதே திசையில் அமைந்த ஒரே அச்சில் நாளுக்கு ஒரு சுற்று என்ற சீரான வேகத்தில் சுழற்றினால் போதும். குளிர்நாடுகளில் இந்த அச்சு பாதிக்கு மேல் நிமிர்ந்து நிற்கும். நம் ஊரோ 12 டிகிரி அட்சரேகைக்குச் சற்றுத் தெற்கில் இருப்பதால் அச்சு ஏறத்தாழப் படுத்தே கிடக்கும். கைப்பிடிச்சுவர் உயரத்துக்குள் வேலை முடிந்துவிடுவது நமக்குக் கிடைத்த சலுகை என்றே சொல்ல வேண்டும்.

ஒன்றரை அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயை இரண்டு பேரிங்குகளில் தாங்கச் செய்து, வடக்கு தெற்காக வையுங்கள். தாங்கிகளுக்கு இடையே கிடைமட்டத்தில் ஒரு மீட்டர் இருந்தால், வடக்குப் பக்கத்துத் தாங்கி 21 செ.மீ. உயரமாக இருக்க வேண்டும். குழாயின் தாழ்ந்த தென்முனையில், கீல் வைத்த சட்டத்தில், இரண்டடிச் சதுரக் கண்ணாடியைப் பொருத்துங்கள். கண்ணாடி தெற்கே பார்க்கும். குழாய் அதன் முதுகுப்புறம் போய்விடுவதால் கதிரை மறைக்காது.

வடக்கு எது என்பதைத் தெருவின் போக்கை வைத்து முடிவு செய்ய வேண்டாம். தூக்குக்குண்டின் நூலை வெயிலில் தொங்கவிட்டு, சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தில் நூலின் நிழல் விழும் கோட்டைச் சுண்ணாம்பால் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் கடிகாரப் பன்னிரண்டு மணி அல்ல. நம் கரையில் பிப்ரவரி நடுவில் சுமார் 12.25, நவம்பர் தொடக்கத்தில் சுமார் 11.54. மே முதல் ஜூலை வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே இருப்பதால் நிழல் தெற்கே விழும். கோடு அதே கோடுதான். ஏப்ரல் 21, ஆகஸ்ட் 21 ஆகிய நாட்களை ஒட்டி இந்த வேலையில் இறங்காதீர்கள். அவை நிழலில்லா நாட்கள். குறிப்பதற்குக் கோடே கிடைக்காது.

குழாயைச் சுழற்ற 40-க்கு 1 என்ற விகிதமுள்ள வார்ம் கியர் (திருகுத் தண்டு 40 முறை சுற்றினால் பல்சக்கரம் ஒருமுறை சுற்றும் அமைப்பு) நல்லது. கைப்பிடி வைத்தால், ஒரு முழுச் சுற்று 36 நிமிட வெயிலுக்குச் சமம். ஒன்பது நிமிடத்துக்கு ஒருமுறை கால் சுற்றுச் சுற்ற வேண்டும். இது இரண்டு நாளில் அலுத்துவிடும். ஒரு சுற்றை 200 சிறு நகர்வுகளாகத் திரும்பும் ஸ்டெப்பர் மோட்டாரை இதே கியரில் பூட்டினால், 10.8 விநாடிக்கு ஒரு நகர்வு என்று ஆர்டுயினோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையில் எழுதிவிடலாம். நிரல் அவ்வளவுதான்.

கதிர் இப்போது தெற்கு நோக்கி, மீட்டருக்கு 21 செ.மீ. என்று மெல்லத் தாழ்ந்து செல்லும். மூன்று மீட்டர் தள்ளி, தளத்தில் வெட்டிய திறப்புக்கு மேலே, 63 செ.மீ. தாழ்வாக இரண்டாவது கண்ணாடி நிற்க வேண்டும். அதன் முகம் வடக்கே கீழ்நோக்கிக் கவிந்திருக்கும். தளத்தோடு 51 டிகிரி சாய்வு இருந்தால் கதிர் நேராகக் கீழே இறங்கும். முதல் கண்ணாடி சுழலும்போது ஒளிக்கற்றையின் வடிவமும் சுழல்வதால், இது 3 அடி அகலமும் 4 அடி நீளமும் இருப்பது நல்லது. முகம் கவிந்திருப்பதால் தூசி படிவதும் குறைவு.

முதல் கண்ணாடியின் சாய்வைப் பாகைமானியால் அளக்கத் தேவையில்லை. இரண்டாவது கண்ணாடியின் நடுவில் ரூபாய் நாணயம் அளவுக்குக் காகிதம் ஒட்டி, ஒளித்திட்டு அதைச் சுற்றிச் சமமாக விழும்வரை கீலை நகர்த்தி இறுக்குங்கள். மார்ச்சிலும் செப்டம்பரிலும் கண்ணாடி அச்சோடு 45 டிகிரியில் நிற்கும். டிசம்பரில் 57, ஜூனில் 33. மார்ச், செப்டம்பரில் வாரம் ஒருமுறை கீலைத் திருத்த வேண்டும். ஜூன், டிசம்பரில் பல நாட்கள் தொடவே வேண்டாம். காலையில் சரியாக விழுந்த திட்டு மாலைக்குள் மேலோ கீழோ நழுவினால், தவறு கீலில் இல்லை, அச்சின் திசையில் இருக்கிறது.

கூடத்தில் நேர்க்கதிர் தரையில் விழுந்தால் கண் கூசும். திறப்பில் மழைநீர் புகாதபடி கண்ணாடி பதித்து, அதற்குக் கீழே பால்நிற அக்ரிலிக் தகட்டைப் பொருத்தினால் ஒளி அறை முழுதும் பரவும். தெளிந்த நாளில் இரண்டு பிரதிபலிப்பிலும் போனது போக, 9 வாட் எல்.இ.டி. பல்புகள் பத்துக்குக் குறையாத வெளிச்சம் வரும். கூடவே நூறு வாட்டுக்கு மேல் வெப்பமும் வரும் என்பதால், மே மாதத்தில் கண்ணாடியின் பாதியைத் துணியால் மூடிவிடுவேன். ஐப்பசி மழை மேகத்தில் இக்கருவிக்கு வேலை இல்லை. சிதறிய ஒளியை எந்தக் கண்ணாடியாலும் குறிபார்த்து அனுப்ப முடியாது.

உப்புக்காற்றையும் புயலையும் அலட்சியம் செய்தால் மற்றதெல்லாம் வீண். நான் முதலில் வாங்கிய கண்ணாடியின் வெட்டிய விளிம்பை அப்படியே விட்டுவிட்டேன். ஒரே மழைக்காலத்தில் ஓரத்திலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு ரசம் கறுத்துப் போயிற்று. விளிம்பு முழுதும் சிலிக்கோன் பசை பூசி, முதுகில் ஏசிபி (அலுமினியக் கூட்டுத்) தகடு ஒட்டி, எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) போல்ட்டுகளையே பயன்படுத்துங்கள். 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயலில் வீசியதைப் போல மணிக்கு 140 கி.மீ. காற்று அடித்தால், சிறிய கண்ணாடியின் மீது 40 கிலோவுக்கும் பெரியதன் மீது 120 கிலோவுக்கும் மேலான எடை சாய்ந்தாற்போல் இருக்கும். ஆகவே நான்கு போல்ட்டைக் கழற்றினால் இரண்டும் கையோடு வந்துவிட வேண்டும்.

வீட்டுக்கு வெப்பமூட்டும் தேவை நமக்கு இல்லை, தண்ணீர் காய்ச்சலாம். கதிரை நேரே வெந்நீர்ப் பாத்திரத்துக்கு அனுப்பும் இதே அளவுக் கண்ணாடிகள் ஐந்தை ஒரே கறுப்புப் பாத்திரத்தின் மீது குவித்தால், வெப்பத்தில் பாதி வீணானாலும் 20 லிட்டர் நீர் 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற ஒன்றரை மணி நேரம் போதும். அதே ஐந்து கண்ணாடிகள் தவறிப்போய்ப் பிளாஸ்டிக் தொட்டியின் மீது குவிந்தால் தொட்டி உருகும். குழிந்த கண்ணாடியை வெறும் வெயிலில் மூடாமல் விடவே கூடாது. மின்சாரத்துக்காகச் சூரியத் தகட்டின் மீது கண்ணாடி வெயிலைக் கூட்டுவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்: தகடு சூடேற ஏற, ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் திறன் குறையும். இன்னொரு தகடு வாங்கி மாட்டுவதே மேல்.

மோட்டார் நின்றுபோனால் கதிர் மெதுவாக விலகி அடுத்த வீட்டுச் சன்னலில் விழக்கூடும். இரண்டாவது கண்ணாடியின் பின்னும் பக்கங்களிலும் மங்கல் வண்ணம் பூசிய பலகை அடித்துவிடுங்கள். ஊருக்குப் போகும் நாட்களில் முதல் கண்ணாடியைத் தளத்தை நோக்கிக் கவிழ்த்து, கியரைப் பூட்டிவிட்டுப் புறப்படுங்கள்.