முருங்கையில் அடையும் கோழிகளைக் கூட்டுக்குப் பழக்க

பொழுது சாயும்போது கூட்டுக்குள் ஒரு சிறிய மின்விளக்கை எரியவிட்டு, கடைசிக் குருணையையும் அங்கேயே போடுங்கள். விடைக்கோழிகள் (இளங்கோழிகள்) தாமாக ஏறிவிடும். (வைக்கோல் உள்ள இடத்தில் மண்ணெண்ணெய் விளக்கு வேண்டவே வேண்டாம்.) கோழிக்கு இருட்டில் பார்வை மிகவும் மங்கல். அதனால் இருண்ட கூட்டுக்குள் நுழையத் தயங்கி, வெளிச்சம் மிச்சமிருக்கும் முருங்கைக் கிளையைத் தேடுகிறது. எல்லாம் கம்பில் ஏறி அமர்ந்தபின் விளக்கை அணைத்துவிடலாம்.

புதிதாக வாங்கியவற்றை முதலில் ஒரு வாரம் கூட்டிலேயே அடைத்துத் தீனி கொடுங்கள். இடமே பழகாத கோழிக்கு விளக்கு என்ன செய்யும்? நன்றாகப் பழகிய கோழி திடீரென உள்ளே வர மறுத்தாலும் இது உதவாது. கம்பின் இடுக்குகளில் கோழிச்செள் (ரத்தம் உறிஞ்சும் சிறு பூச்சி) இருக்கிறதா என்று பாருங்கள்.