கம்ப்யூட்டர் பூட் ஆகவில்லையா? ஃபார்மேட்டில் கை வைக்கும் முன்

ரிப்பேர் வேலை பழக வருகிறவர்கள் பக்கத்தில் நின்று பார்த்தால், நான் பழகிய காலத்தில் அடித்த அதே கூத்துகள் அச்சு அசலாக நடக்கின்றன. பழுது எங்கே என்று தெரிவதற்குள் கையில் ஸ்க்ரூ டிரைவரோ விண்டோஸ் பென்டிரைவோ ஏறிவிடுகிறது. பவர் கேபிள் கழன்றிருப்பது, பின்பக்க சுவிட்ச் அணைந்திருப்பது, மானிட்டர் வேறு இன்புட்டில் நிற்பது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவை யாருக்கும் நஷ்டம் வைப்பதில்லை. கையைக் கடிக்கிற தவறுகளை மட்டும் பார்க்கலாம்.

"ஆன் ஆகவில்லை" என்பதோடு நிறுத்திக்கொள்வது

ஆன் ஆகவில்லை என்றால் எதுவரை ஆகிறது? பட்டனை அழுத்தினால் ஃபேன்கூட அசையவில்லையா? ஃபேன் சுற்றியும் திரை கருப்பாகவே இருக்கிறதா? லோகோ வந்து அங்கேயே நிற்கிறதா? விண்டோஸ் தொடங்கி நீலத்திரை காட்டி விழுகிறதா? இவை நான்கும் வெவ்வேறு வியாதிகள். முதல் இரண்டுக்கும் விண்டோஸுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. லோகோ வந்துவிட்டால் பிராசஸரும் ரேமும் டிஸ்ப்ளேவும் ஓரளவு ஒழுங்காகத்தான் இருக்கின்றன என்று அர்த்தம். அடுத்து பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே ஓடுகிற மதர்போர்டின் அமைப்புத் திரை) போய், டிஸ்க்கின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பெயரே இல்லாத டிஸ்க்கில் விண்டோஸை ரிப்பேர் செய்ய முயல்வதில் பலன் இல்லை.

இப்போது வரும் பல மதர்போர்டுகளின் ஓரத்தில் சிபியு (பிராசஸர்), டிராம் (ரேம்), விஜிஏ (டிஸ்ப்ளே), பூட் (டிஸ்க்) என்று நான்கு குட்டி விளக்குகள் இருக்கும். எது அணையாமல் எரிகிறதோ அங்கேதான் சிக்கல். கேபினெட்டின் பக்க மூடியைக் கழற்றினால் தெரிகிற இந்தத் தகவலைப் பார்க்காமல், பாதி நாள் யூகத்திலேயே ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

கருப்புத் திரையைப் பார்த்துப் பதறுவது

டிடிஆர்5 ரேம் உள்ள மெஷின், புதிதாகப் பூட்டியபின் முதல் முறையோ பயாஸ் ரீசெட் செய்தபின்னோ, ரேமோடு ஒத்துப்போக நேரம் எடுத்துக்கொள்ளும். மெமரி டிரெய்னிங் என்பார்கள். சில நிமிடங்கள்கூடத் திரையில் ஒன்றும் வராது. அரை நிமிடத்தில் பொறுமையிழந்து அணைத்தால் அது மறுபடி முதலிலிருந்து தொடங்கும். நீங்களும் மறுபடி அணைப்பீர்கள்.

முதல் வேலையாக ஃபார்மேட் போடுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும்.

ஒருவர் லேப்டாப்பைக் கொண்டுவந்தார். "விண்டோஸ் புதிதாகப் போட்டாச்சு சார், சூப்பராக ஓடுது. டெஸ்க்டாப்பில் இருந்த ஒரு ஃபோல்டரை மட்டும் எடுத்துக் கொடுத்துடுங்க" என்றார். கம்ப்யூட்டர் தெரிந்த நண்பர் ஒருவர் வீட்டுக்கே வந்து, இருந்த பார்ட்டிஷன்களை எல்லாம் அழித்துவிட்டு 'கிளீனாக' விண்டோஸ் போட்டுக் கொடுத்திருக்கிறார். உள்ளே இருந்தது எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கிற டிஸ்க். ரெக்கவரி மென்பொருளைப் போட்டு டிஸ்க் முழுவதையும் அலசினேன். புது விண்டோஸின் ஃபைல்களைத் தவிர எதுவும் இல்லை. மிச்ச இடத்தை, டிஸ்க்கில் உள்ளதை எண்களாகவே காட்டுகிற ஹெக்ஸ் வியூவரில் திறந்தால் வரிசை வரிசையாகச் சுழியம், கீழே இறக்க இறக்கச் சுழியம். சிக்கல் எப்போது தொடங்கியது என்று கேட்டதற்கு, டிஸ்ப்ளே டிரைவரை அப்டேட் செய்த அன்று ராத்திரி என்றார். சேஃப் மோடில் (அத்தியாவசியமானவற்றை மட்டும் ஏற்றி விண்டோஸ் எழுகிற நிலை) போய் டிரைவரைக் கழற்றிப் பார்க்க வேண்டிய கேஸ். நண்பரோ, தான் சரிசெய்து கொடுத்ததாகத்தான் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

பழைய ஹார்ட் டிஸ்க்கில் குவிக் ஃபார்மேட் போட்டால் அட்டவணைதான் போகும், தரவு அதன்மேல் வேறெதுவும் எழுதப்படும்வரை அங்கேயே கிடக்கும். அதனால்தான் 'ஃபார்மேட் போட்டாலும் எடுத்துவிடலாம்' என்ற நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. எஸ்எஸ்டியில் அந்த நம்பிக்கை செல்லாது. ஃபார்மேட் போடும்போதே விண்டோஸ், 'இந்த இடமெல்லாம் இனி வேண்டாம்' என்று டிரிம் கட்டளையை அனுப்பிவிடும், எஸ்எஸ்டி அந்த இடங்களைக் காலி செய்யத் தொடங்கிவிடும். விண்டோஸ் 7 காலத்திலிருந்தே இப்படித்தான்.

'முக்கியமானதெல்லாம் டி டிரைவில் இருக்கிறது' என்கிறவர்களை நம்பாதீர்கள். டெஸ்க்டாப், டாகுமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றும் பெரும்பாலும் சி டிரைவில்தான் இருக்கும். போதாததற்கு, டி டிரைவ் பல வீடுகளில் அதே டிஸ்க்கின் இன்னொரு துண்டுதான். இன்ஸ்டால் திரையில் வருகிற பார்ட்டிஷன் பட்டியலில் எல்லாவற்றையும் டிலீட் செய்கிற கைக்கு எது சி, எது டி என்ற பேதம் கிடையாது.

விண்டோஸ் நிற்பதற்குப் பல சமயம் காரணம் மிகச் சின்னது. 2024 ஜூலை 19 அன்று உலகம் முழுக்க அலுவலகக் கணினிகள் நீலத்திரையோடு படுத்ததே, மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் கணினிகள், அதற்குக் காரணம் கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய பழுதான ஓர் அப்டேட். சேஃப் மோடுக்குப் போய் அந்த ஒரு ஃபைலை அழித்தால் மெஷின் எழுந்துவிடும்.

ஆகவே வரிசை இதுதான். முதலில் டிஸ்க்கின் உடல்நிலை. உபுண்டு மாதிரி ஏதாவது லினக்ஸை வேறொரு கம்ப்யூட்டரில் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்யுங்கள். இன்ஸ்டால் செய்யாமல் 'டிரை' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதிலுள்ள டிஸ்க்ஸ் செயலியில் ஸ்மார்ட் விவரம், அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கிற குறிப்பு, தெரியும். ஹார்ட் டிஸ்க் என்றால் ரீஅலொகேட்டட் செக்டர், பெண்டிங் செக்டர் என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். சுழியமாக இல்லாமல் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் சாகக் கிடக்கிறது. அங்கேயே வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகி, திரும்பக் கிடைக்காதவற்றை முதலில் காப்பி செய்யுங்கள். சினிமா பிறகு. சி டிரைவ் 'ரீட் ஒன்லி' என்று திறந்தால் பயப்பட வேண்டாம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வைத்திருக்கிற விண்டோஸ் முழுசாக அணைவதில்லை, அதனால் அப்படி. காப்பி எடுக்க அது போதும்.

டிஸ்க் 'டிக் டிக்' என்று தட்டினால் இதுகூட வேண்டாம். அணைத்து வைத்துவிட்டு, தரவு மீட்பு தெரிந்தவரிடம் கொடுங்கள். இந்த நிலையில் செக்டிஸ்க் ஓட விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கை நடுங்கும். அது டிஸ்க்கைப் பிழைக்க வைக்கிற மருந்து அல்ல. ஃபைல் அமைப்பு ஒழுங்காக இருந்தால் போதும் என்று உடைந்த பகுதிகளை வெட்டி எறிகிற கருவி. தட்டுத்தடுமாறுகிற டிஸ்க்கை மூலைமுடுக்கெல்லாம் படிக்கவும் வைக்கும்.

காப்பி எடுத்தாயிற்றா? இனி தைரியமாக ரிப்பேருக்குப் போகலாம். விண்டோஸ் தொடங்கும் நேரத்தில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து இரண்டு மூன்று தடவை அணைத்தால், அது தானாகவே ரிப்பேர் திரைக்குப் போகும். ஸ்டார்ட்அப் ரிப்பேர், கடைசி அப்டேட்டைக் கழற்றுவது, சிஸ்டம் ரீஸ்டோர், சேஃப் மோட் எல்லாம் அங்கேயே இருக்கின்றன. எதற்கும் மசியவில்லை என்றால்தான் மறு இன்ஸ்டால். அப்போதும் பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்யாமல் அதன் மேலேயே போட்டால், பழையவை 'விண்டோஸ்.ஓல்ட்' என்ற ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்திருக்கும்.

பிட்லாக்கர் கீயைத் தேடாமல் இறங்குவது

லினக்ஸில் சி டிரைவ் பூட்டியபடி தெரிந்தால் காரணம் பெரும்பாலும் பிட்லாக்கர் என்கிற விண்டோஸின் டிஸ்க் பூட்டுதான். பல லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு விண்டோஸில் நுழைந்ததுமே டிஸ்க் என்கிரிப்ஷன் தானாக ஆன் ஆகிவிடுகிறது, உரிமையாளருக்கே தெரியாது. திறக்க 48 இலக்க ரெக்கவரி கீ வேண்டும். வேறொரு போனிலிருந்து அதே மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பாருங்கள், பெரும்பாலும் அங்கே இருக்கும். பயாஸில் டிபிஎம்மை (பூட்டின் சாவியைக் காக்கிற சிப்) 'கிளியர்' செய்வது, செக்யூர் பூட்டை மாற்றுவது எல்லாம் கீ கையில் கிடைத்த பிறகுதான். கீ தொலைந்திருந்தால் எந்தக் கில்லாடியாலும் திறக்க முடியாது.

ஒரே மூச்சில் நான்கு மாற்றம்

ஒரு நேரத்தில் ஒன்று.

வேறு பவர் சப்ளையின் கேபிளைச் செருகுவது

மாடுலர் பவர் சப்ளையில் கேபிள்கள் இரண்டு பக்கமும் கழலும். மதர்போர்டு, டிஸ்க் பக்கத்து முனைக்கு உலகப் பொதுவான அளவு உண்டு. பவர் சப்ளை பக்கத்து முனைக்குக் கிடையாது, ஒரே பிராண்டின் இரண்டு மாடல்களுக்குள்ளேகூட மாறும். செருகினால் கச்சிதமாக உட்காரும், உள்ளே 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போகும். டிஸ்க்கின் போர்டு அந்த நொடியே கருகும். புது பவர் சப்ளை வாங்கினால் அதனுடன் வந்த கேபிள்களை மட்டுமே போடுங்கள், பழையது எவ்வளவு அழகாக வளைத்துக் கட்டியிருந்தாலும்.

பவர் சப்ளையைத் திறந்து பார்ப்பது

வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கும்.

படம் எடுக்காமல் பயாஸை ரீசெட் செய்வது

மதர்போர்டில் இருக்கிற சீமாஸ் பேட்டரியைக் கழற்றி மாட்டி பயாஸை ரீசெட் செய்வது நல்ல வைத்தியம்தான். தேதி பின்னோக்கி ஓடியிருந்தால் அந்த சிஆர்2032 பேட்டரியே செத்திருக்கலாம், புதிதாகப் போடுங்கள். ஆனால் ரீசெட் ஆனதும் டிஸ்க் கண்ட்ரோலர் அமைப்பும் (ரெய்டு, ஏஎச்சிஐ என்று டிஸ்க்கோடு மதர்போர்டு பேசுகிற முறை) தொழிற்சாலையில் வைத்த நிலைக்கே மாறிவிடும். ரெய்டு மோடில் போட்ட விண்டோஸ், ஏஎச்சிஐ மோடில் எழுந்தால் 'இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்ற நீலத்திரைதான் காட்டும். அதைப் பார்த்து டிஸ்க் போய்விட்டது என்று முடிவுகட்டி, மறுபடி ஃபார்மேட் பென்டிரைவைத் தேடுகிறார்கள். ரீசெட் செய்யும் முன், பயாஸுக்குள் நுழைய முடிகிறபோதே ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வரியைப் பழைய மோடுக்கு மாற்றி சேவ் செய்தால் விண்டோஸ் வந்துவிடும்.