மாமரத்தைப் புல்லுருவியிடமிருந்து மீட்ட அனுபவம்

கானாடுகாத்தானில் எங்கள் வீட்டுப் பின்கட்டை ஒட்டி நிற்கும் பழைய மாமரத்தில் சில கிளைகளின் நுனி பட்டுப்போக, அதே கிளைகளின் நடுவே தடித்த இலைகளோடு வேறொரு செடி செழித்து நின்றது. அது புல்லுருவி.

பச்சை இலைகளால் உணவைத் தானே தயாரித்துக்கொள்வதால் இது முழு ஒட்டுண்ணி அன்று. எனினும் மண்ணில் வேரில்லாத இச்செடி, உறிஞ்சு வேர்களைப் பட்டைக்குள் செலுத்தி மரத்தின் நீரையும் தாது உப்புகளையும் எடுத்துக்கொள்வதால், செட்டிநாட்டுக் கோடையில் மரம் பெரிதும் தவித்துப்போகிறது. பழத்தைத் தின்னும் பூங்கொத்திக் குருவிகளே பிசுபிசுக்கும் விதையை அடுத்த கிளையில் ஒட்டிவிடுகின்றன.

செடியை மட்டும் ஒடித்தால், உள்ளே எஞ்சிய பகுதியிலிருந்து மீண்டும் துளிர்க்கும். ஆகவே, அது ஒட்டிப் புடைத்திருந்த இடத்திலிருந்து அடிமரத்தின் பக்கம் ஓரடிக்கு மேல் தள்ளி, கிளையோடு அறுக்க முடிவு செய்தோம்.

"காய்க்கிற கிளையாச்சே, தம்பி" என்று ஆச்சி வருந்தினார்கள். அவர்களுடைய வருத்தம் நியாயமானதே; ஆனால் பழம் பழுக்குமுன் அறுத்தால்தான் விதை பரவாது. அறுத்த கிளையைப் பிளந்து பார்த்தபோது, புல்லுருவியின் கட்டையும் மாவின் கட்டையும் பிரிக்க இயலாதபடி பிணைந்திருந்தன.

வெட்டுவாயில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ பசையைப் பூசினோம். அடுத்த மழைக்குப் பின் அதன் கீழே செந்தளிர்கள் வந்தன. பட்டையில் புல்லுருவி முளைக்கிறதா என்று இப்போதும் பார்த்து வருகிறேன்.