விசிலுக்கு முன்னால் ஒரு கொப்பி: விளையாடியவர் கோச் ஆகும்போது

முழங்கால் போன பிறகுதான் நான் கோச் ஆனேன். கண்டியில் பதினோரு வருடம் றக்பி அணியில் விங்கில், அதாவது ஓரத்தில், ஓடிவிட்டு ஹட்டன் பக்கம் தோட்டத்துக்குத் திரும்பியதும், பொடியன்களுக்கு றக்பி பழக்கச் சொன்னார்கள். ஆடத் தெரிந்தவனுக்குச் சொல்லிக்கொடுக்கவும் வரும் என்று நினைத்தேன். மூன்று மாதம் கங்காணி மாதிரி கத்தியதுதான் மிச்சம். இருபது பேர் வந்த இடத்தில் ஒன்பது பேர் நின்றார்கள்.

உங்களுக்கும் அப்படி ஒரு பொறுப்பு வந்தால், விசில் வாங்குமுன் ஒரு கொப்பி வாங்குங்கள்.

டிமிக்கோ ரயன்ஸைப் பார்த்துத்தான் எனக்கு இது உறைத்தது. அமெரிக்க உதைபந்தாட்டக்காரர். (பேரில்தான் உதை, பெரும்பாலும் பந்து கையில்தான் இருக்கும்.) 2006 இல் ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் அணிக்கு வந்து, அந்த வருடமே தடுப்பாட்டத்தில் சிறந்த புதுமுகம் என்று விருது வாங்கியவர். 2015 பருவத்தோடு ஆட்டம் முடிந்தது. 2017 இல் சான் பிரான்சிஸ்கோ அணி அவருக்குக் கொடுத்தது கடைசிப்படி வேலை: வீடியோவை ஓட்டி ஓட்டி, யார் எங்கே நின்றான், எப்படி நகர்ந்தான் என்று பிரித்து எழுதுவது. அடுத்த வருடம் லைன்பேக்கர்களுக்கு (தடுப்பாட்டத்தில் முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர்கள்) கோச், 2021 இல் முழுத் தடுப்பாட்டத்துக்கும் பொறுப்பு, 2023 இல் பழைய ஹூஸ்டனுக்கே தலைமைக் கோச். முந்தைய பருவத்தில் 3 ஆட்டம் வென்ற அணி அவரோடு 10 வென்றது.

நம்மிடம் வீடியோ இல்லை, கண் இருக்கிறது. ஆளுக்கொரு பக்கம் ஒதுக்குங்கள். "பயந்தாங்கொள்ளி" என்று எழுதாதீர்கள், அதை வைத்து எதையும் திருத்த முடியாது. ஒருவனுக்கு நான் எழுதியது: "டெக்கிளுக்குப் போகும்போது கண்ணை மூடுகிறான்." அதைத் திருத்தலாம். (டெக்கிள் என்றால் பந்தோடு ஓடுகிறவனைக் கட்டிப்பிடித்து விழுத்துவது.)

அப்புறம், நீங்கள் யோசிக்காமல் செய்ததைத் துண்டு துண்டாக உடையுங்கள். டெக்கிளை நான் நின்று செய்து காட்டினேன். "அண்ணே, உங்களுக்கு வருது, எங்களுக்கு வராது" என்றான் ஒருவன். சரி என்று, டெக்கிள் செய்கிறவன், பந்து வைத்திருப்பவன் இரண்டு பேரையும் முழங்காலில் உட்கார வைத்தேன். தோள் முதலில் பட வேண்டும். தலை, ஓடுகிறவனின் பின்பக்கமாக இருக்க வேண்டும். முன்னால் போனால் அவன் இடுப்பு உங்கள் தலையில் இடிக்கும். கன்னம் அவன் மேல் ஒட்டியிருக்க, இரண்டு கையாலும் இறுக்கிக் கட்ட வேண்டும். இது வந்த பிறகு நடந்து, அப்புறம் மெல்ல ஓடி. உயரம் சொல்ல "கவ்வாத்து உயரம்!" என்று கத்துவேன். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற வீட்டுப் பிள்ளைகள், உடனே குனிந்துவிடுவார்கள்.

தலையில் அடிபட்டு ஒருவன் தடுமாறினால் அன்றைக்கு அவனுக்கு ஆட்டம் இல்லை. எவ்வளவு கெஞ்சினாலும் இல்லை, வைத்தியரிடம் காட்ட வேண்டும். உலக றக்பி அமைப்பின் இணையப் பாடங்களில் இது இருக்கிறது. காசு கிடையாது, போனிலேயே படிக்கலாம்.

மைதான வேலை சுருக்கமாக: கோடு போட டொலமைட் தூள் போதும். எதிர்க் கம்பம் பனியில் மறைந்தால் நிறுத்துங்கள். பந்து கானுக்குள் (வடிகாலுக்குள்) போனால் அட்டைப்பூச்சி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

கண்ணை மூடுகிற பொடியனின் பக்கத்தில் போன வாரம் புதிதாக ஒரு வரி எழுதினேன்: "வலது தோளால் போகும்போது மூடுவதில்லை. இடது பக்கம் மட்டும்."