விந்துப் பரிசோதனையில் ‘சீழ் செல்கள்’ என்று வந்தால்

அறிக்கையில் அந்த வரியைப் பார்த்ததுமே ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கத் தொடங்காதீர்கள். சீழ் செல்கள் என்றால் வெள்ளணுக்கள். ஆனால் நுண்ணோக்கியில் உருண்டையாகத் தெரிபவை எல்லாம் வெள்ளணுக்கள் அல்ல. முதிராத விந்துச் செல்களும் அப்படித்தான் தெரியும். வெள்ளணுக்களைப் பிரித்துக் காட்டும் பெராக்ஸிடேஸ் சாயமிட்டுப் பார்த்துச் சொன்னார்களா என்று கேளுங்கள். மில்லிக்கு 10 லட்சம் வெள்ளணுக்களைத் தாண்டினால் அழற்சி என்று சந்தேகிக்கலாம். அப்போதும் கிருமி இருந்தே தீரும் என்பதில்லை.

வெள்ளணுக்கள் கக்கும் ஆக்சிஜன் வேதிப்பொருள்கள் விந்தணுவின் மேலுறையை அரிக்கும். நீந்தும் வேகம் குறையும், டிஎன்ஏ உடையும். இது பெரும்பாலும் மீளக்கூடியது. வடு அப்படியல்ல. உடலுறவில் தொற்றும் கிளமிடியாவோ கொனோரியாவோ எபிடிடிமிஸ் குழாயை (விரையை ஒட்டி, விந்தணு முதிரும் சுருள் குழாய்) இருபுறமும் வடுவால் அடைத்துவிட்டால், விரை விந்தணுவை உண்டாக்கியும் அது வெளியே வராது. எந்த மாத்திரையும் அந்த அடைப்பைத் திறக்காது. சிறுநீர் எரிச்சலையும் விரை வீக்கத்தையும் தள்ளிப்போடக் கூடாது என்பது இதனால்தான். (திடீரென்று கடும் விரைவலி வந்தால் தொற்று என்று நினைத்துக் காத்திருக்க வேண்டாம். விரை முறுக்கிக்கொண்டிருக்கலாம்; 6 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை நடந்தால்தான் அதைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு.)

விந்து மாதிரியை மருந்து தொடங்கும் முன்பே கொடுங்கள். விந்து வெளியேற்றாமல் 2 முதல் 7 நாள் இடைவெளி வேண்டும். கிளமிடியா, கொனோரியா சோதனைக்கு, குறைந்தது 1 மணி நேரம் சிறுநீர் கழிக்காமல் இருந்து, முதலில் வரும் 20–30 மில்லியைத் தனிப் புட்டியில் பிடியுங்கள். மீதியைக் கழித்துவிட்டு, கைகளையும் குறியையும் சோப்பால் கழுவி, நன்றாக அலசித் துடையுங்கள். தோலில் உள்ள கிருமி கலந்துவிட்டால் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) முடிவை நம்ப முடியாது. பிறகு விந்தைக் கிருமி நீக்கிய குப்பியில் எடுங்கள்; அதன் உட்புறத்தைத் தொடாதீர்கள். எச்சில், வழுக்குக் களிம்பு, சாதாரண ஆணுறை எதுவும் கூடாது. முதல் சொட்டுகள் சிந்தினால் மறைக்காமல் சொல்லுங்கள், விந்தணுக்கள் அதில்தான் அதிகம். வீட்டில் எடுத்தால் குப்பியை உடல் சூடு படும்படி அணைத்து வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேருங்கள்.

கிருமி உறுதியானால் துணைக்கும் அதே சமயத்தில் சிகிச்சை வேண்டும். கிளமிடியாவுக்கு வழக்கமாகத் தருவது டாக்ஸிசைக்ளின் 100 மி.கி., தினம் இருவேளை, 7 நாள். துணை கருவுற்றிருந்தால் அவருக்கு வேறு மருந்து. இருவருக்கும் சிகிச்சை முடியும்வரை உறவு வேண்டாம். ஒருவர் மட்டும் மருந்து எடுத்தால் தொற்று மீண்டும் ஒட்டிக்கொள்ளும்.

விந்தணு உருவாகவே சுமார் 74 நாள் ஆகும். ஆகவே மறுபரிசோதனையை 3 மாதம் கழித்துச் செய்யுங்கள். இடையில் கடும் காய்ச்சல் வந்திருந்தால் குறித்துக் கொடுங்கள். அப்போதும் விந்தணுவே இல்லையென்றால் விந்தின் அளவைப் பாருங்கள். எபிடிடிமிஸ் அடைப்பில் அளவு குறையாது. 1.4 மில்லிக்குக் கீழே, பிஎச் (அமிலத்தன்மையின் அளவு) 7.2-க்கும் கீழே என்றால் அடைப்பு புராஸ்டேட்டை ஒட்டிய விந்து வெளியேறும் குழாயில் இருக்கலாம்; மலக்குடல் வழி ஸ்கேன் பற்றி சிறுநீரகவியல் மருத்துவரிடம் கேளுங்கள்.