கார் கதவு சரியாக மூடவில்லையா? ஸ்ட்ரைக்கர் ஸ்க்ரூவில் கை வைக்கும் முன்

கார் கதவு ஒரு தடவையில் மூடவில்லை என்றால் அடுத்த தடவை ஓங்கிச் சாத்துகிறோம். அதற்கும் மசியாவிட்டால் இன்னும் ஓங்கி. கதவில் நடக்கும் முதல் தவறு இதுதான், மற்ற பல சேதங்களும் இதிலிருந்துதான் வருகின்றன.

சாத்துவதற்கு முன் லாக்கைப் பாருங்கள். கதவின் ஓரத்தில், லாக்குக்குள் நகம் போல ஒரு இரும்புத் துண்டு தெரியும். எதிரே வண்டியின் தூணில் U வடிவக் கம்பி ஒன்று இருக்கும், அதுதான் ஸ்ட்ரைக்கர். மூடும்போது நகம் சுழன்று அந்தக் கம்பியைக் கவ்விக்கொள்ளும். கவ்வுவதில் இரண்டு படி உண்டு. முதல் ‘டக்’ அரை லாக், இரண்டாவது ‘டக்’ முழு லாக். கதவு திறந்திருக்கும்போதே யாராவது, பெரும்பாலும் விளையாடும் குழந்தைகள், அந்த நகத்தை அழுத்திவிட்டால் அது பூட்டிய நிலைக்குப் போய்விடும். அப்புறம் எவ்வளவு அறைந்தாலும் இரும்பில் இரும்பு மோதி, கதவு திரும்பி வரும். வெளிக் கைப்பிடியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஸ்க்ரூ டிரைவர் முனையால் நகத்தைத் திறந்த நிலைக்குத் தள்ளினால் போதும். ஒரு நிமிட வேலை. இது தெரியாமல் அறைந்து அறைந்து ஸ்ட்ரைக்கரையே வளைத்தவர்கள் உண்டு.

சீட் பெல்ட்டின் கொக்கி கதவடியில் மாட்டியிருக்கிறதா, கதவைச் சுற்றி ஓடும் ரப்பர் பீடிங் மூலையில் கழன்று மடிந்திருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.

அடுத்த தவறு நான் செய்தது. எங்கள் பழைய வண்டியில் டிரைவர் பக்கக் கதவு அரை லாக்கிலேயே நின்றது. ஸ்ட்ரைக்கரைக் கொஞ்சம் இறக்கி வைத்தேன், அழகாக மூடியது. இரண்டே மாதத்தில் பழைய கதை. வண்டியின் தகடு வேலை பார்க்கும் டிங்கர் பட்டறைக்குக் கொண்டுபோனபோது அங்கிருந்த பெரியவர் கேட்ட முதல் கேள்வி, “தம்பி, கதவைத் தூக்கிப் பாத்தீங்களா?” கதவைப் பாதி திறந்து, ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்கிக் காட்டினார். ‘கடக்’ என்று ஆடியது. கீலில் இருக்கும் ஆணி (பின்) தேய்ந்து கதவு தொங்கிவிட்டிருந்தது. கதவு தொங்கத் தொங்க ஸ்ட்ரைக்கரையும் இறக்கிக்கொண்டே போனால் எங்கே போய் நிற்பது? வீட்டில் மூட்டு வலிக்காரர்கள் இருந்தால் கீலைக் கட்டாயம் பாருங்கள். இறங்கும்போது கதவைப் பிடித்துத்தான் எழுந்திருப்பார்கள், அந்தப் பாரம் முழுக்க கீலுக்குத்தான் போகும். மூடிய கதவின் பின் ஓரம் பக்கத்துக் கதவின் கோட்டைவிடத் தாழ்ந்திருந்தாலும் கீல்தான் காரணமாக இருக்கும்.

கீலில் ஆட்டமே இல்லை, ஸ்ட்ரைக்கர்தான் நகர்ந்திருக்கிறது என்றால் சரிசெய்யலாம். பழைய இடத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடாமல் ஸ்க்ரூவைத் தளர்த்தாதீர்கள். இரண்டு ஸ்க்ரூவையும் முழுக்கக் கழற்றவும் வேண்டாம். சில வண்டிகளில் பின்னால் அந்த ஸ்க்ரூ ஏறும் மரைத் தகடு தூணுக்குள் விழுந்துவிடும், பிறகு அதை மீன் பிடிப்பதுபோல் பிடிக்க வேண்டும். ஸ்க்ரூ தலையில் நட்சத்திரக் குழி இருந்தால் அதற்கான டார்க்ஸ் பிட்டைத்தான் போட வேண்டும். கிடைத்ததைப் போட்டுத் திருகினால் தலை வழுக்கிவிடும். ஒரு தடவைக்கு 1 மில்லிமீட்டர் நகர்த்தினாலே அதிகம். நகர்த்தி, இறுக்கி, மெதுவாக மூடிப் பாருங்கள்.

லாக் இறுகிப்போனதற்குத் தேங்காய் எண்ணெயோ பழைய இன்ஜின் ஆயிலோ விடுவது நம் ஊரில் சகஜம். தூசி படிந்து அதுவே பசையாகிவிடும். டபிள்யூ.டி.-40 ஸ்ப்ரே அழுக்கைக் கரைக்க நல்லது, ஆனால் அதோடு நிறுத்தினால் வழுவழுப்பு நிலைக்காது. துடைத்துவிட்டு வெள்ளை லித்தியம் கிரீஸ் கொஞ்சம் தடவுங்கள்.

புது பீடிங் போட்ட கதவு முதலில் இறுக்கமாகத்தான் மூடும். அதற்காக உடனே ஸ்ட்ரைக்கரை வெளியே தள்ளிவிடாதீர்கள். ரப்பர் அமுங்கிப் படிந்த பிறகு கதவு வெளியே துருத்தி நிற்கும், மழையும் காற்றிரைச்சலும் உள்ளே வரும்.

கதவைக் கையால் பிடித்துக்கொண்டோ கயிறு கட்டியோ ஓட்டுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அரை லாக் என்பது கதவு சட்டென்று திறந்துகொள்ளாமல் தடுக்க வைத்த ஏற்பாடு, அதை நம்பிப் பயணம் போகக் கூடாது. அந்தப் பக்கம் குழந்தையை உட்கார வைக்கவே வேண்டாம். மோதலில் அடிபட்டுத் தூணே நகர்ந்திருந்தால் வீட்டு வைத்தியம் பலிக்காது, டிங்கரிடம்தான் போக வேண்டும். கீலில் மரக்கட்டை கொடுத்து நெம்பும் வித்தையும் அவர்கள் கைக்கே உரியது.

வேலை முடிந்ததும் ஒரு துண்டுக் காகிதத்தைப் பீடிங்குக்கும் கதவுக்கும் நடுவே வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். கதவைச் சுற்றி நாலைந்து இடத்தில் இப்படிச் செய்யுங்கள். எல்லா இடத்திலும் காகிதம் கொஞ்சம் இறுக்கத்தோடு வர வேண்டும். சும்மா உருவிக்கொண்டு வரும் இடத்தில்தான் அடுத்த மழைக்குத் தண்ணீர் இறங்கும்.