பிக்கப் வண்டிக்குப் புதுக் கோடு

எங்கள் வெள்ளை பிக்கப்புக்குத் தினமும் அலுவலக ஓட்டம், ஞாயிறானால் உரமூட்டை. பக்கவாட்டு ஸ்டிக்கர் கோடு வெயிலில் வெளுத்து உரியத் தொடங்கியபோதுதான் அதைத் திரும்பிப் பார்த்தேன்.

வண்டியை அழகாக்கப் புறப்படுபவர்கள் முதலில் கேட்பது முன்பக்க இரும்புக் கம்பியை. புல் பார் என்பார்களே, அதுதான். வேண்டாம், மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே அதற்குத் தடை சொல்லிவிட்டது. முழு நிறத்தையும் மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். கோடு என்றால் பிடிக்காதபோது உரித்துவிடலாம்.

முதலில் காகித டேப்பால் கோடு போட்டுப் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். ஒருநாள் அப்படியே ஓட்டுங்கள். கதவின் நடுவில் அழகாகத் தெரிந்த கோடு, சக்கர வளைவருகே கோணலாகத் தெரியலாம்.

அடுத்து பழையதை உரிப்பது. ஹேர் டிரையரால் சூடேற்றி, ஓரத்தை நகத்தால் கிளப்பி, மெதுவாக இழுங்கள். பிளேடு வேண்டாம். மிஞ்சும் பிசினுக்கு நீலகிரித் தைலம் தோய்த்த துணி போதும். பிறகு ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். ஸ்டிக்கர் இருந்த இடம் மட்டும் புதுப் பெயின்ட்போலத் தெரியும். அந்தத் தடம் எளிதில் போகாது. அதனால் புதுக் கோட்டைப் பழையதைவிட ஒரு விரல் அகலமாக வெட்டச் சொல்லுங்கள். நான் மெல்லிய கோடு வாங்கி ஏமாந்தேன்.

ஒட்டுவதை நிழலில் செய்யுங்கள், காற்றடித்தால் தள்ளிப்போடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மூன்று சொட்டு பாத்திர சோப்புத் திரவம் கலந்து, வண்டியிலும் பசைப் பக்கத்திலும் தெளியுங்கள். ஈரம் இருக்கும்வரை கோட்டை நகர்த்தி நேராக்கலாம். பழைய ஏடிஎம் அட்டையில் பருத்தித் துணி சுற்றி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளுங்கள். அரை மணி கழித்து, கோட்டின் மேல் ஒட்டியிருக்கும் காகிதத்தைப் பின்னோக்கி மடக்கி உரியுங்கள்; கூடவே வினைல் கோடும் எழுந்தால் அழுத்திவிட்டு இன்னும் காத்திருங்கள்.

கதவு இடைவெளியில் மட்டும் கத்தி. சிறிது விட்டு வெட்டி உள்ளே மடித்து, சூடுகாட்டி அழுத்துங்கள். மடிக்காத ஓரம்தான் முதலில் எழும்பும். குமிழி இருந்தால் ஊசியால் ஒரே குத்து.

சில நாள் வாட்டர் வாஷ் கூடாது. கோடு பளபளக்காத மங்கல் கருப்பு என்றால் மெழுகு பாலிஷும் கூடாது, திட்டுத் திட்டாக மினுங்கும்.